அஸ்திவாரக் குழியும் ஒரு ரூபாய்ப் பிடித்தமும்

ஒண்டிப்புதூரில் சர்வதேசத் தரத்தில் கிரிக்கெட் மைதானம் வரப்போகிறது என்று 2024ல் செய்தி வந்தாலும் வந்தது, காரமடையில் எங்கள் காலை நடைக் கூட்டத்துக்கு வேறு பேச்சே இல்லை. எத்தனை ஆயிரம் பேர் உட்காரலாம், டிக்கெட் என்ன விலை வைப்பார்கள், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும், தோனி வந்து ஆடுவாரா என்று பல கேள்விகள். அஸ்திவாரத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது இயல்புதான். கட்டி முடித்தபின் கண்ணில் படாமல் போவது அஸ்திவாரமும், அதைப் போட்டவர்களும்தான்.

எனக்கோ ஸ்டேடியம் என்ற சொல்லைக் கேட்டாலே 1982 நினைவுக்கு வந்துவிடும். அந்த வருஷம் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ‘அப்பு’ என்ற குட்டி யானைப் பொம்மை, பி.டி. உஷாவின் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள், வல்சம்மாவின் தடை ஓட்டத் தங்கம், ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 7-1 என்று வாங்கிய அடி, எல்லாம் என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் ஊரில் அப்போது டி.வி. ஏது? ரேடியோவிலும் மறுநாள் பேப்பரிலும்தான் தெரிந்துகொண்டோம். அந்த விளையாட்டுக்காகக் கட்டிய மைதானங்களில் மண் சுமந்து கான்கிரீட் போட்டவர்களின் கூலியைப் பற்றி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹாக்கித் தோல்வி நினைவிருக்கும் அளவுக்கு அந்தத் தீர்ப்பு நம்மில் பலருக்கு நினைவில்லை. இந்தப் பதிவு அதற்காக.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் கூலியின் கணக்கு உறைக்கும்.

நம் பக்கம் வீட்டுக்கு அஸ்திவாரம் எடுப்பதைக் ‘கடைக்கால் எடுப்பது’ என்போம். ‘வானம் தோண்டுவது’ என்றும் சொல்வதுண்டு. பூமிக்குள் தோண்டுவதற்கு வானம் என்று பெயர் வைத்தவனை நினைத்துப் பலமுறை வியந்திருக்கிறேன். வீடு என்றால் சுவர் போகும் வழியெல்லாம் நீளமாகக் குழி எடுத்துக் கல் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஸ்டேடியம் அப்படியல்ல. சாய்ந்து ஏறும் கேலரிப் படிகளைத் தாங்குவதற்கு வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் தூண்கள் வேண்டும். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் தனியாக ஒரு கான்கிரீட் பாதம் வேண்டும், அல்லது ஆழத்தில் இறக்கிய பைல்கள் வேண்டும். வீட்டில் ஆட்கள் ஒரே நேரத்தில் எழுந்து குதிப்பதில்லை. ஸ்டேடியத்தில் ஒரு கோல் விழுந்தால் பத்தாயிரம் பேர் ஒரே நொடியில் எழுகிறார்கள். அந்த அதிர்வு முழுவதும் கடைசியில் வந்து இறங்குவது மண்ணுக்குள் இருக்கும் அந்தப் பாதத்தில்தான்.

இன்னொன்று. கேலரிக்கு மேல், முன்னால் தூணே இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும் கூரையைப் பார்த்திருப்பீர்கள். அதைப் புரிந்துகொள்ள நம் பழைய கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு முனை கீழே போனால் மறுமுனை மேலே வரும். கூரையின் பாரம் முன்பக்கம் தொங்குவதால் பின்பக்கத்துத் தூண் பூமியை விட்டு எழப் பார்க்கும். ஆகவே பின்பக்கத்து அஸ்திவாரம் பாரத்தைத் தாங்கினால் மட்டும் போதாது, தூணை இழுத்துப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். அதற்காகவே அந்தப் பாதத்தைக் கனமாகப் போடுவார்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. செம்மண்ணில் கொஞ்ச ஆழம் போனால் பாறை தட்டும், நிம்மதி. கரிசல் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். மேலே கட்டிய சுவரையும் கூடவே தூக்கி இறக்கிப் பிளந்துவிடும். இதற்காக ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார், அடியில் குடம் போல் அகலும் பைல்களை ஆராய்ந்து நாடெங்கும் பரப்பினார்கள். மேல்மண் எப்படி ஆடினாலும் குடம் அடியில் பிடித்துக்கொண்டிருக்கும்.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆரம்பம் பிரான்சில். ஜோசப் மோனியே என்ற தோட்டக்காரர், பூச்செடி வைக்கும் தொட்டி உடையாமல் இருக்க சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வலையை வைத்தார். 1867ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். பிரெஞ்சில் இந்தக் கான்கிரீட்டுக்குப் ‘பெத்தோன் அர்மே’ என்று பெயர். ஆயுதம் தரித்த கான்கிரீட் என்று பொருள். பூந்தொட்டியில் ஆரம்பித்த சமாச்சாரம் ஆயுதம் தரித்துக்கொண்டு உலகத்தையே பிடித்துவிட்டது.

இனி 1980களின் வேலைத்தளத்துக்கு வருவோம். இன்று டிரம் சுழலும் லாரி வந்து, குழாய் நீட்டி, பம்ப் வைத்து ஊற்றிவிட்டுப் போகிறது. அன்று நம் நாட்டில் பெரும்பாலும் அப்படியில்லை. குழியின் அடியை இடித்துச் சமன் செய்து, ஒரு படுக்கைக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் கம்பி கட்டி, பலகை அடைத்து, பிறகு ஜல்லியும் மணலும் சிமெண்டும் கலந்த கலவையைப் பாண்டுச் சட்டியில் அள்ளித் தலையில் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கலவை மெஷினிலிருந்து குழி வரை சித்தாள்களின் வரிசை நிற்கும். சும்மாடு, சட்டி, நடை. கொட்டிவிட்டு வெறுஞ்சட்டியோடு திரும்பி மறுபடி நடை.

கணக்குப் பிள்ளை புத்தி என்னை விடவில்லை, போட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ. ஒரு சட்டியில் 20 கிலோ என்று வைத்தால் 120 சட்டி. மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஒரு மீட்டர் கனம் உள்ள ஒரே ஒரு பாதத்துக்கு ஒன்பது கன மீட்டர், அதாவது 1,080 சட்டி. அந்த மாதிரி நூற்றுக்கணக்கான பாதங்கள். இத்தனையும் குழிக்குள்ளே, பூமி மட்டத்துக்கு ஒரு அடி கூட எழாத வேலை.

கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. சாதாரண சிமெண்ட் அரை மணி நேரத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, பத்து மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு பாதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நாளைக்கு வந்து மீதியைப் போட்டால் பழையதும் புதியதும் ஒட்டாது. ஆகவே ஆரம்பித்தால் முடித்துத்தான் எழ வேண்டும். இருட்டினால் விளக்கு போட்டுக்கொண்டு வேலை. முடித்த பிறகும் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் காட்ட வேண்டும். 28 நாள் கழித்துத்தான் அதன் பலத்தைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். தேதி குறித்துவிட்ட விளையாட்டுக்கு இதெல்லாம் பெரிய இடைஞ்சல். 1980 ஜனவரியில் இந்திரா காந்தி அம்மையார் மறுபடியும் ஆட்சிக்கு வந்த பிறகுதான் டில்லியில் வேலை சூடுபிடித்தது. போட்டி தொடங்கும் தேதி 1982 நவம்பர் 19. கையில் இருந்தது மூன்று வருஷம் கூட இல்லை. ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம், இந்திரப்பிரஸ்தா உள்ளரங்கம், நீச்சல் குளம், மேம்பாலங்கள், ஓட்டல்கள், வீரர்கள் தங்கும் ஆசியாட் கிராமம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன.

சிமெண்ட் நிலவரம் அப்போது எப்படி என்பது என் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். மதுக்கரையில் சிமெண்ட் ஆலை. மலையைக் குடைந்து சுண்ணாம்புக் கல் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதே மாவட்டத்தில் இருக்கும் நமக்கோ பத்து மூட்டைக்குப் பெர்மிட். மனு, அதன்மேல் விசாரணை, சிபாரிசு, வரிசை. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்ததால், மகளுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு திண்ணைக்குச் சிமெண்ட் கேட்டு வந்து நிற்கும் பெரியவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில்தான் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே, பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1982 ஜனவரியில் பதவி விலகினார். அடுத்த மாதக் கடைசியில் மத்திய அரசு கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தியது. ஆக, சிமெண்டுக்கு மூட்டை மூட்டையாகக் கணக்கு வைத்த அரசாங்கம்தான் அது. அதைச் சுமந்த தலைகளுக்குக் கணக்கு வைத்ததா என்பதுதான் வழக்கு.

டில்லியில் ‘ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம்’ என்ற அமைப்பு, மூன்று சமூக அறிவியல் ஆய்வாளர்களை ஆசியாட் வேலைத்தளங்களுக்கு அனுப்பி நிலைமையைப் பார்த்து எழுதச் சொன்னது. அந்த அறிக்கையை வைத்து உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. கோர்ட் ஸ்டாம்ப் இல்லை, வக்காலத்து இல்லை, கடிதம்தான். நீதிமன்றம் அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டது. 1981ஆம் வருஷத்து மனு. பகவதியும் பஹாருல் இஸ்லாமும் விசாரித்தார்கள். எதிர்த்தரப்பில் இந்திய அரசு, டில்லி நிர்வாகம், டில்லி வளர்ச்சி ஆணையம்.

வேலையாட்கள் பெரும்பாலும் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களை ஊரிலிருந்து திரட்டிக்கொண்டு வந்தவர்கள் ஜமாதார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஆள்பிடி மேஸ்திரி. காண்ட்ராக்டர் கூலியை ஜமாதாரிடம் கொடுப்பார், ஜமாதார் ஆட்களுக்குக் கொடுப்பார். அன்று டில்லியில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ரூ.9.25. ஜமாதார் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷனாக எடுத்துக்கொண்டு ரூ.8.25 கொடுத்தார். இதை யாரோ குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, அரசுத் தரப்பே தன் பிரமாணப் பத்திரத்தில் ஒப்புக்கொண்டது. பெண்களுக்கு ஏழு ரூபாய்தான் கொடுக்கிறார்கள், மீதி ஜமாதார் பையில் போகிறது என்பது மனுவில் சொன்ன இன்னொரு புகார். 1976லேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. பதினான்கு வயதுக்குக் கீழான பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்பதாகவும் புகார் இருந்தது.

ஒரு ரூபாய் என்ன பெரிது என்று இளையவர்கள் கேட்கக்கூடும். நூறு ஆள் வைத்திருக்கும் ஜமாதாருக்கு நாளுக்கு நூறு ரூபாய். எழுத்தராக நான் ஒரு மாதம் முழுக்கக் கோப்பு தள்ளி வாங்கியதை அவர் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பார்த்துவிடுவார். வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஏழு ரூபாய் வாங்கிய பெண்ணுக்கு நாளுக்கு ரூ.2.25 வீதம் 675 ரூபாய் நஷ்டம். கூலியில் கால்பங்கு அது. எங்கள் சம்பளப் பட்டியலிலும் பிடித்தம் உண்டு. சேமநல நிதி, இன்ஷூரன்ஸ், பண்டிகை முன்பணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒரு கணக்குத் தலைப்பு, கடைசியில் கையெழுத்து. கேட்டால் காட்டியாக வேண்டும். ஜமாதாரின் பிடித்தத்துக்கு எந்தப் பத்தியும் கிடையாது. மஸ்டர் ரோலில் 9.25 என்றுதான் இருக்கும்.

இந்தப் பிடித்தம் டில்லியில் பிறந்ததல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயாவுக்கும் நம் சனங்களைக் கூட்டிப்போன கங்காணிகள் இதே வேலையைத்தான் செய்தார்கள். இலங்கையில் வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் தோட்டம் கங்காணிக்குக் கொடுத்த காசுக்குத் ‘தலைக்காசு’ என்றே பெயர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரெயூனியன் தீவுக்கும் குவாதெலூப்புக்கும் கப்பலேறிய கரும்புத் தோட்டக் கூலிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஆங்கஜே’ என்று மரியாதையாக அழைத்தார்கள். ஒப்பந்தம் செய்துகொண்டவர் என்று பொருள். அங்கேயும் ஆள் பிடித்துக் கொடுத்தவர் மேஸ்திரிதான். விக்டர் ஹ்யூகோவைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்த எங்களுக்கு இந்தக் கப்பல்களைப் பற்றிப் பள்ளியில் ஒரு வரி கூடச் சொல்லித்தரவில்லை. பிற்பாடு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஒரிசாவில் இதற்குத் ‘தாதன்’ முறை என்று பெயர். முன்பணம் கொடுத்து ஆளை வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோவது. அதைத் தடுக்கத்தான் 1979ல் பாராளுமன்றம் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. டில்லியில் அது 1980 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தியன்று அமலுக்கு வந்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய விதிகள் வந்தது 1982 ஜூனில். சட்டத்துக்கும் விதிக்கும் நடுவில் இருபது மாதம். அந்த இருபது மாதத்தில்தான் டில்லி முழுக்க வேலை மும்முரமாக நடந்தது. ஒரு விதித் தொகுப்பு அலுவலக மேசைகளில் எப்படி ஊர்ந்து போகும் என்று எனக்குத் தெரியும், ஆகவே எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கோபம் மட்டும் உண்டு.

அரசுத் தரப்பு வக்கீல்கள் மூன்று ஆட்சேபணை சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்கள் தொழிலாளிகள், அவர்கள் வரட்டும், இந்த அமைப்புக்கு இதில் என்ன வேலை என்பது முதலாவது. கூலி குறைத்தது காண்ட்ராக்டர், அரசாங்கத்தை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்பது இரண்டாவது. இது தொழிலாளர் சட்ட மீறல்தானே, அடிப்படை உரிமை மீறலா என்ன, உச்ச நீதிமன்றத்துக்கு நேரே வருவதற்கு என்பது மூன்றாவது.

மூன்றையும் நீதிமன்றம் தள்ளியது. ஏழையும் எழுத்தறிவில்லாதவனும் தானே கோர்ட் படி ஏற முடியாதபோது, நல்லெண்ணத்தோடு அவனுக்காக வேறொருவர் வரலாம் என்றது. இன்று பொதுநல வழக்கு என்று யார் யாரோ போடுகிறார்களே, அதற்கு அடித்தளம் போட்ட தீர்ப்புகளில் இது ஒன்று. இரண்டாவது வாதத்துக்கு, வேலை கொடுத்த அரசும் ஆணையமும் சட்டப்படி முதன்மை முதலாளிகள், காண்ட்ராக்டரைக் காட்டிவிட்டுத் தப்ப முடியாது என்றது.

மூன்றாவதற்குச் சொன்ன பதில்தான் முக்கியம். அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு மனித வியாபாரத்தையும் கொத்தடிமை வேலையையும் கட்டாய வேலையையும் தடை செய்கிறது. கட்டாயம் என்றால் என்ன? சவுக்கெடுத்து மிரட்டினால் மட்டும்தான் கட்டாயமா? பசியும் பட்டினியும் ஒருவனை வேறு வழியே இல்லாமல் சட்டம் சொன்ன கூலிக்குக் குறைவாக வேலை செய்ய வைத்தால் அதுவும் கட்டாயந்தான் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அதாவது ரூ.9.25 கொடுக்க வேண்டிய இடத்தில் 8.25 கொடுத்தால், அந்த வேலையைச் செய்தவர் கட்டாய வேலை செய்தவராகிறார். பிடித்த அந்த ஒரு ரூபாய் அரசியல் சட்டத்தையே மீறிய ரூபாய். குழந்தைகள் விஷயத்திலும் அப்படித்தான். 1938ஆம் வருஷத்துச் சட்டத்தின் அட்டவணையில் கட்டிட வேலை இல்லையே என்று சொன்னபோது, அட்டவணையில் இல்லாவிட்டால் என்ன, கட்டிட வேலை ஆபத்தான வேலை, அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவே போதும் என்றது நீதிமன்றம்.

தீர்ப்பு வந்தது 1982 செப்டம்பர் 18. விளையாட்டு தொடங்க இரண்டு மாதம். அதற்குள் அஸ்திவாரம் எல்லாம் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டது, மேலே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதை உணர்ந்துதானோ என்னவோ, மே மாதம் 11ஆம் தேதியே நீதிமன்றம் இடைக்காலமாகச் சில உத்தரவுகளைப் போட்டிருந்தது. கூலியை ஜமாதார் கையில் கொடுக்காமல் தொழிலாளி கையிலேயே கொடுக்க வேண்டும், தளங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை தர மூவர் வேண்டும் என்று. சட்டத்தை மீறிய காண்ட்ராக்டர்களுக்கு மாஜிஸ்டிரேட்டுகள் போட்ட அபராதத் தொகை அற்பமாக இருப்பதையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். அபராதம் கட்டுவதைவிடக் கூலி கொடுப்பது செலவு என்றால் எந்தக் காண்ட்ராக்டர் கூலி கொடுப்பார்? கணக்குத் தெரிந்த எவனும் அபராதத்தைத்தான் கட்டுவான்.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1979லேயே கட்டிடத் தொழிலாளர் சங்கம் மாநில அளவில் தொடங்கிவிட்டது. 1982ல் இங்கே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1994ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் கேட்டு நடந்த இயக்கத்துக்கு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமை தாங்கினார். 1996ல் அந்தச் சட்டமும், கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல் செஸ் வசூலிக்கும் சட்டமும் நிறைவேறின. இன்று நம் ஊர்ச் சித்தாள் ஒருத்தி வாரிய அட்டையைக் காட்டிப் பிள்ளையின் படிப்புக்கு உதவித்தொகை வாங்குகிறாள் என்றால் அந்தப் பணத்தின் ஊற்று இதுதான். அட்டை வைத்திருப்பவர்கள் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள் என்று நானும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் டில்லி மைதானக் கதை அங்கே முடியவில்லை. 2010ல் காமன்வெல்த் விளையாட்டுக்காக அதே ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தைப் பிரித்துப் புதுப்பித்தார்கள். அதே அமைப்பு மறுபடியும் கோர்ட்டுக்குப் போனது, இந்த முறை டில்லி உயர் நீதிமன்றம். நீதிமன்றம் ஒரு குழுவை அனுப்பியது. குறைந்தபட்சக் கூலி கிடைக்காதது, பதிவு இல்லாதது, தங்கும் இடத்தின் கேடு என்று குழு திரும்பி வந்து சொன்னதும் கிட்டத்தட்ட பழைய பட்டியல்தான். அந்த வருஷம் செப்டம்பர் 21 அன்று, ஸ்டேடியத்துக்கு அருகில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அப்போது அதிகமாக எழுதியது வீரர்கள் தங்கும் அறைகளின் சுத்தத்தைப் பற்றி.

கத்தாரில் 2022 உலகக் கோப்பைக்கு எட்டு மைதானங்கள் வேண்டியிருந்தன, ஏழு புதிதாகக் கட்டினார்கள். அந்நாட்டில் வேலை செய்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்த பிறகு, 2021 மார்ச்சில் எல்லாத் தொழிலாளிக்கும் பொதுவாக மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் என்று அங்கே சட்டமாக்கினார்கள். ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே ஏஜெண்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம் இருக்கிறதே, அது அந்தச் சம்பளத்தில் வராது. பழைய தலைக்காசு முன்கூட்டியே போய்விடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நம் பக்கம் வானம் தோண்டுபவர்கள் யார் என்று பார்த்திருப்பீர்கள். காரமடை, மேட்டுப்பாளையம், கோவை எங்கே போனாலும் குழிக்குள் கேட்பது ஒடியாவும் இந்தியும்தான். நம் ஆட்கள் சிலர் அவர்களைப் பற்றிப் பேசும் தோரணை எனக்குப் பிடிப்பதில்லை. நம்மவர்கள் கண்டிக்கும் பினாங்குக்கும் ரெயூனியனுக்கும் போனபோது அங்கிருந்தவர்களும் இப்படித்தான் பேசியிருப்பார்கள்.

எங்கள் வீதியில் ஒரு மாடி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் மத்தியான வேளையில் எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டு வந்தான். இரண்டு வருஷத்தில் தமிழ் நன்றாகவே பேசுகிறான். குடித்து முடித்ததும் கேட்டேன்:

“தம்பி, கூலி உங்க கையிலயே கொடுக்கறாங்களா?”

“மேஸ்திரி கொடுப்பாங்க, அய்யா. சனிக்கிழமை.”

“மேஸ்திரிக்கு நாளுக்கு எவ்வளவு போகுது?”

சிரித்துக்கொண்டே ஐந்து விரலைக் காட்டினான். ஐந்து ரூபாயா ஐம்பதா என்று நான் கேட்கவில்லை. ஐந்து ரூபாயை இந்தக் காலத்தில் யாரும் குனிந்து எடுக்கக்கூட மாட்டார்கள். உள்ளே போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்து வருவதற்குள் கலவை மெஷின் சத்தம் கேட்டது. சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான்.